எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறோம். எத்தனை மீற்றரில் நிற்கும் என்று கேட்பதில்லை

சென்ற மழைக்காலத்தில் கண்டியிலிருந்து மாவனல்லை நோக்கி வந்து கொண்டிருந்தோம். காரில் மனைவி, உம்மா, சின்ன மகள். கடுகண்ணாவை இறக்கத்தில் முன்னால் சென்ற பஸ் ஒன்று ஆள் ஏற்றுவதற்காகத் திடீரென்று நின்றது. நான் ஓடியது அப்படியொன்றும் வேகமில்லை. பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது. கார் மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் மோதாமல் இருப்பதற்காக இடப்பக்கம் வெட்டியதில் முன் சில்லு காணுக்குள் இறங்கியது. ஒரு கதவு நசுங்கியதோடு முடிந்தது. எதிர்ப்பக்கம் வெட்டியிருந்தால் மேலே ஏறி வந்த லொறிக்குக் கீழே போயிருப்போம்.

எனக்கு விளங்காமல் போன விடயம் ஒன்றுதான். அந்த நான்கு டயர்களும் எட்டு மாதங்களுக்கு முன்னர் வாங்கியவை. காடிகள் ஆழமாகவே இருந்தன. அடுத்த நாள் அலைன்மெண்ட் பார்க்கக் கொண்டு போனபோது அங்கிருந்த இளைஞர் டயரின் பக்கச் சுவரைத் துடைத்து ஒரு இலக்கத்தைக் காட்டினார். 3517. "நானா, இது புது டயர் இல்ல. ஓடாத பழைய டயர்" என்றார். 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயரை, ஏழு வருடங்களுக்குப் பிறகு, புதிய டயரின் விலையைக் கொடுத்து, பேரம் பேசி இரண்டாயிரம் ரூபா குறைத்துவிட்ட சந்தோஷத்தோடு நான் வாங்கி வந்திருக்கிறேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. திகதியை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து டயர் கடைகளில் நிற்கும்போது மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். "என்ன விலை?", "எவ்வளவு காலம் பாவிக்கலாம்?", "எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?", "ஜப்பானா, சைனாவா?" மழையில் எப்படி நிற்கும் என்று கேட்ட ஒருவரையும் நான் காணவில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கும் நாடு இது. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பின்னரும் சாரதியின் தூக்கம், வேகம், பஸ்ஸின் பிரேக், வீதியின் வளைவு என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த நிலைமை நேற்று உருவானதல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே காலப்பகுதியில் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. முச்சக்கர வண்டிக்காரர்கள் டயருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பின்னர் 2022இல் ரூபாவின் வீழ்ச்சி. ஒரு கணக்குக்காக, 40 டொலர் பெறுமதியான ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். 2019இல் டொலர் ஏறத்தாழ 180 ரூபாவாக இருந்தபோது அது 7,200 ரூபா. 300 ரூபாவாக இருக்கும்போது 12,000 ரூபா. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிய வற் வரியைச் சேர்த்தால் 14,160. சுங்கத் தீர்வை, கப்பல் கட்டணம், இறக்குமதியாளரின் இலாபம், கடைக்காரரின் இலாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. சம்பளம் அதே வேகத்தில் ஏறவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் புதிதாக வரும் கார்களின் விலையைப் பார்த்தால் ஆசிரியர், தாதி, சிறு கடைக்காரர் போன்றோருக்கு அது எட்டாத உயரம். ஆகவே எமது வீதிகளில் ஓடிக்கொண்டிருப்பவை பத்து, பதினைந்து வயதான அல்டோக்களும் வெகன் ஆர்களும் விட்ஸ்களும் எக்ஸியோக்களும்தான். இந்த வீடுகளில் ஒரு மாதச் செலவுப் பட்டியலில் நான்கு டயர் வந்து விழும்போது குடும்பத் தலைவர் செய்யும் முதல் காரியம் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது. இரண்டாவது காரியம், கடையிலே ஆக மலிவானதைக் கேட்பது. இரண்டையும் நானே செய்திருக்கிறேன்.

மலிவு டயர் என்றால் மோசமான டயர் என்று நான் சொல்ல வரவில்லை. அது பணக்காரர்களின் உபதேசம். மலிவான டயர்களுக்குள்ளேயே ஈரமான வீதியைப் பற்றிப் பிடிப்பவையும் உண்டு, சவர்க்காரம் போல வழுக்குபவையும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் சில வேளைகளில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுதான். பிரச்சினை, கடையில் நிற்கும்போது எது எதுவென்று எமக்குத் தெரியாமல் இருப்பது.

முதலில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. ஒரு குடும்பத்தையும் ஒரு தொன் இரும்பையும் நான்கு உள்ளங்கைகள் பிடித்து நிறுத்த வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், ஈரத்தில் ஓரளவு நன்றாகப் பிடிக்கும் டயரில், அதாவது உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்ததிலிருந்து 20 மீற்றரில் நிற்கும். குணகம் 0.5 ஆகக் குறைந்தால் 28 மீற்றர் தேவை. எட்டு மீற்றர் என்பது இரண்டு கார் நீளம்; "பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் கணக்கை மறுபக்கமாகப் பாருங்கள். நல்ல டயர் போட்ட கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தை, மற்றக் கார் இன்னும் மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். பாடசாலை முன்னால் மஞ்சள் கோட்டில் பிள்ளை நிற்கும் இடம் அதுவென்றால்?

ஏபிஎஸ் இருக்கிறது, ஜப்பான் கார் என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏபிஎஸ் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் ஸ்டியரிங் கையில் இருக்கும். டயரில் இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்தும் கொண்டுவராது. கடுகண்ணாவையில் எனது கால் அதைத்தான் உணர்ந்தது.

இனி றப்பரின் விடயம். 1876இல் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் றப்பர் கன்றுகள் நடப்பட்ட நாள் முதல் நாம் றப்பர் நாட்டவர்கள் என்று பெருமை பேசுகிறோம். களனியில் சோவியத் உதவியோடு டயர் தொழிற்சாலை அமைத்தவர்கள். திண்ம டயர் ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் நிற்பவர்கள். இவ்வளவு இருந்தும் எமது காருக்கு ஏன் இந்த விலை என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கொஞ்சம் கசப்பானது. கார் டயரின் வீதியைத் தொடும் பகுதி பெரும்பாலும் செயற்கை றப்பரால் ஆனது. அதோடு சிலிக்கா, கரித்தூள், எண்ணெய் வகைகள், இரசாயனங்கள், உள்ளே உருக்குக் கம்பி, பொலியெஸ்டர் நூல். இவற்றில் பெரும்பகுதியை டொலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இயற்கை றப்பர் லொறி டயரிலும் விமான டயரிலும் பிரதானமாக இருக்கும். கார் டயரில் அதன் பங்கு குறைவு. அந்த இயற்கை றப்பரும் இப்போது எம்மிடம் போதுமானதாக இல்லை. 2011இல் ஒன்றரை இலட்சம் தொன்னைத் தாண்டிய உற்பத்தி பின்னர் அரைவாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. இலை நோய், பால்வெட்ட ஆள் இல்லாமை, தென்னைக்கும் எண்ணெய்ப் பனைக்கும் மாறிய காணிகள் என்று காரணங்கள் பல. எமது தொழிற்சாலைகளே வெளிநாட்டிலிருந்து றப்பர் வாங்குகின்றன. "நம்ம நாட்டு றப்பர், நம்ம நாட்டு டயர், மலிவாக இருக்க வேண்டும்" என்ற தர்க்கம் இதனால்தான் கடையில் எடுபடுவதில்லை.

பிடிமானத்தைத் தீர்மானிப்பது மேலே தெரியும் பூ வேலைப்பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காடிகளின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வீதியைப் பிடிப்பது றப்பர்க் கலவை. மென்மையான கலவை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான கலவை நீண்ட காலம் உழைக்கும், மழையில் கைவிடும். இந்தப் பழைய இழுபறியை ஓரளவு தளர்த்தியது சிலிக்கா. 1990களின் ஆரம்பத்தில் மிச்செலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாக சிலிக்கா சேர்த்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எரிபொருளும் மிச்சம், ஈரத்தில் பிடிமானமும் குறையவில்லை. இன்று நடுத்தர விலை டயர்களிலும் இது வந்துவிட்டது. ஆனால் ஆக மலிவான வகைகளில் விலையைக் குறைக்க முதலில் கை வைக்கப்படும் இடமும் கலவைதான். பக்கச் சுவரில் எழுத்து பளபளப்பாக இருக்கும், பூ வேலைப்பாடு பந்தயக் கார் போல இருக்கும். கலவையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்வதற்காகத்தான் உலகில் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயரிலும் எரிபொருள், ஈரப்பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் சுட்டி ஒட்டப்பட வேண்டும். 2021 மே மாதம் அதைத் திருத்தி ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்புகளாக்கினார்கள். பழைய சுட்டி வந்தபோது சொல்லப்பட்ட ஒரு விடயம் நினைவில் வைக்கத்தக்கது: 80 கிலோமீற்றர் வேகத்தில் ஈரமான வீதியில் ஆக மேல் வகுப்புக்கும் ஆகக் கீழ் வகுப்புக்கும் இடையில் நிற்கும் தூரம் 18 மீற்றர் வரை வேறுபடலாம். ஜப்பானில் 2010 முதல் இதே போன்ற ஒரு முறை இருக்கிறது. எமது மக்களுக்கு அது இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் ஜப்பானிலிருந்து வந்த எமது கார்களில் பல, எரிபொருள் சிக்கன டயர்களோடு வந்தவை. உருள்தடையில் இரட்டை ஏ வாங்கிய டயர், ஈரப்பிடிமானத்தில் நான்கு படிகளில் மூன்றாவதான சி வாங்கியிருப்பது அங்கே சர்வசாதாரணம். "எக்கோ டயர் போட்டால் லீற்றருக்கு ஒரு கிலோமீற்றர் கூட ஓடும்" என்று எமக்குச் சொல்பவர் இந்த மறுபாதியைச் சொல்வதில்லை. பெற்றோல் விலை ஏறிய காலத்தில் நாமும் கேட்கவில்லை.

இலங்கையில் இப்படியொரு சுட்டி கட்டாயமில்லை. ஆகவே டயரின் பக்கச் சுவரையே வாசிக்கப் பழக வேண்டியிருக்கிறது. கடையில் குனிந்து பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். மாம்பழம் வாங்கும்போது முகர்ந்து பார்க்கிறோமே.

அளவு எல்லோருக்கும் தெரியும். விட்ஸ் காருக்கு 165/70 ஆர் 14, எக்ஸியோவுக்கு 175/65 ஆர் 15 என்பது போல. அதன் பக்கத்தில் இருக்கும் 82 எச், 84 டி போன்றவற்றில் இலக்கம் பாரத்தைக் குறிக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எழுத்து வேகத்தைக் குறிக்கும். டி என்றால் 190 கிலோமீற்றர். காருக்குக் குறிக்கப்பட்ட பாரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. அதைவிட முக்கியம் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். சில டயர்களில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். மாட்டிய பின் அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் காருக்குக் கீழே படுத்துத்தான் பார்க்க முடியும். அதனால் மாட்டுவதற்கு முன்னரே பாருங்கள். இரண்டு வருடம் வரை பழையது என்றால் நான் தயங்க மாட்டேன். அதற்கு மேலென்றால் விலை குறைய வேண்டும். ஐந்து வருடம் தாண்டியதை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். உற்பத்தியாளர்களே ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடத்தில் தேயாவிட்டாலும் கழற்றவும் சொல்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே, காத்தான்குடி வெயிலில், அடுக்கி வைத்த டயருக்கு அந்த ஐந்து வருடமும் அதிகம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. பக்கச் சுவரில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு இலக்கமும் இருக்கும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகளின் கீழ் அந்த டயர் அனுமதி பெற்றிருக்கிறது என்பது அதன் பொருள். இலக்கம் அனுமதி கொடுத்த நாட்டைக் குறிக்கும். 4 என்றால் நெதர்லாந்து. டயர் அங்கே செய்யப்பட்டது என்று அர்த்தமல்ல. சீனாவில் செய்த டயரிலும் 4 இருக்கலாம். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள நீண்ட இலக்கத்தின் முடிவில் எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் வருகின்றனவா என்று பாருங்கள். எஸ் சத்தம், ஆர் உருள்தடை, டபிள்யூ ஈரப்பிடிமானம். டபிள்யூ இருந்தால் ஈரமான வீதியில் ஆகக் குறைந்த தரத்தையாவது அந்த டயர் தாண்டியிருக்கிறது. இது சிறந்த டயர் என்ற சான்றிதழ் அல்ல. ஆனால் முன்பின் பெயர் கேள்விப்படாத இரண்டு மலிவு டயர்களுக்கு நடுவில் நின்று தடுமாறும்போது, எழுத்து இருப்பதை எடுக்கலாம், இல்லாததை வைத்துவிடலாம்.

அமெரிக்கச் சந்தைக்கான குறியீடும் பல டயர்களில் இருக்கும். டிரெட்வெயார் என்று ஒரு இலக்கம், டிரக்‌ஷன் என்று எழுத்து, டெம்பரேச்சர் என்று எழுத்து. டிரக்‌ஷன் என்பது ஈரமான தார் மற்றும் கொங்கிறீட் தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது உள்ள பிடிமானம். இரட்டை ஏ ஆக உயர்ந்தது, பின்னர் ஏ, பி, சி. வளைவில் எப்படி என்பதை அது சொல்லாது. ஏக்குக் கீழே நான் போக மாட்டேன். டிரெட்வெயார் இலக்கம் தேய்மானத்தை ஒப்பிடுவதற்காக உற்பத்தியாளரே இடுவது; அதை ஒரு கம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடப் பாவிக்கலாம், இரண்டு கம்பனிகளை ஒப்பிடுவதற்கு அவ்வளவு நம்ப வேண்டாம். ஆக மலிவான டயர் ஒன்றில் 500, 600 என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

நாட்டுப் பெயரைக் கேட்டு வாங்குவதில் இப்போது அர்த்தம் குறைந்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் செய்கிறது. டோயோ மலேசியாவில் செய்கிறது. யோகஹாமா பிலிப்பைன்ஸில் செய்கிறது. இந்தோனேசியாவின் ஜி.டி. ரேடியல், இந்தியாவின் எம்.ஆர்.எப்., அப்பல்லோ, களனியில் செய்யப்படும் சியெட் எல்லாம் நடுத்தட்டில் போட்டியிடுகின்றன. உள்நாட்டில் செய்யப்படுவதற்கு ஒரு அனுகூலம் உண்டு: திகதி பெரும்பாலும் புதியது, உத்தரவாதப் பிரச்சினை வந்தால் ஆளைத் தேடிப் போகலாம். எனது அபிப்பிராயம், பெரிய கம்பனியின் ஆக உயர்ந்த ரகத்துக்கு ஆசைப்பட்டு மூன்று வருடம் பழைய சரக்கை வாங்குவதைவிட, நடுத்தட்டுக் கம்பனியின் மூன்று மாத டயர் சிறந்தது.

பாவித்த டயர் வாங்குவோரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கையில் இருப்பது அவ்வளவுதான் என்னும்போது என்ன செய்வது? ஆனால் ஒன்றை மட்டும் தொடாதீர்கள். மொட்டையான டயரைச் சூடான கத்தியால் வெட்டி, புதுக் காடி போட்டு, கறுப்பு பொலிஷ் பூசி விற்கிறார்கள். லொறி, பஸ் டயர்களில் சிலவற்றை அப்படி வெட்டுவதற்கென்றே கூடுதல் றப்பரோடு செய்வார்கள், பக்கச் சுவரில் அதைக் குறித்தும் இருப்பார்கள். கார் டயரில் அந்த மேலதிக றப்பர் இல்லை. கத்தி இறங்குவது உருக்குக் கம்பிக்கு மேலே இருக்கும் மெல்லிய படையில். அம்பாறையிலிருந்து கொழும்புக்கு ஆறேழு மணித்தியாலம் சூடேறி ஓடும்போது அது வெடிப்பதற்குச் சாட்சி தேவையில்லை. உம்ராவுக்குப் போகிறவரை வழியனுப்ப, வேன் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கட்டுநாயக்கவுக்குப் புறப்படும் எமது பழக்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். புறப்படும் முன் வேனுக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

இருக்கும் டயர் போதுமா என்று அறிய கராஜ் போகத் தேவையில்லை. காடிக்குள்ளே ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர். அது ஐரோப்பாவில் சட்ட எல்லை. பாதுகாப்பு எல்லை அல்ல. மழைக்கு 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது புத்தி. நெருப்புக் குச்சி ஒன்றின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். குச்சியைக் காடிக்குள் படுக்க வைத்துப் பாருங்கள். தலை மேலே நீட்டினால் கதை முடிந்தது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் பிடிமானம். விமான ஓடுபாதைகளுக்காக நாஸா ஆய்வாளர்கள் கண்ட ஒரு விதி உண்டு: தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். அந்த விதிப்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் மிதக்கும். 22ஆக இறங்கிவிட்டால் 78 கிலோமீற்றரிலேயே மிதக்கும். நல்ல காடியுள்ள கார் டயர் தண்ணீரை வெளியேற்றுவதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். மொட்டை டயருக்கு அந்தச் சலுகை இல்லை. தெற்கு அதிவேகப் பாதையின் வேக எல்லை 100. அடைமழையில் அங்கே 100இல் போகும் சிலரைப் பார்க்கும்போது அவர்கள் ஓட்டுவது காரா, படகா என்று தோன்றும். சரியான அளவு சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மாதம் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் போதும். நைதரசன் அடிப்பதற்குப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம், நான் கொடுப்பதில்லை.

நான்குக்கும் பணம் இல்லையென்றால் இரண்டை மாற்றுங்கள். ஆனால் புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் கடையில் சண்டைக்கு வருவார்கள், "முன் சில்லுதானே இழுக்கிறது, ஸ்டியரிங்கும் அங்கேதானே" என்பார்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேராக ஓடும். காலை எடுத்தால் ஓரளவு மீளலாம். மஹியங்கனை 18 வளைவில் இறங்கும்போது பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். சாதாரண சாரதி அதை மீட்பது அபூர்வம். பெரிய டயர் கம்பனிகளும் இதையே சொல்கின்றன. அதேபோல 14 அங்குல றிம்மைக் கழற்றி 16 அங்குலம் போட்டு, அகலமான டயர் மாட்டும் எமது தம்பிமாருக்கு: அகலமான டயர் தேங்கிய நீரில் சீக்கிரம் மிதக்கும், விலையும் கூட. அந்தப் பணத்தில் கம்பனி அளவிலேயே ஒரு படி நல்ல டயர் வாங்கலாம்.

இவ்வளவும் வாங்குபவர் செய்ய வேண்டியவை. அரசு என்ன செய்கிறது? 2008 முதல் ஒவ்வொரு ஆண்டும் வருமான அனுமதிப் பத்திரம் எடுப்பதற்கு முன் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயைச் செருகிப் புகை பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். அந்தக் கார் நான்கு மொட்டை டயரில் வந்து நின்றாலும் சான்றிதழ் கிடைக்கும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு அது இல்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அலங்காரங்களைக் கழற்ற பொலிஸார் காட்டிய உற்சாகத்தைப் பார்த்தோம். அதே ஆண்டு செப்டெம்பரில் அதிவேகப் பாதையில் பயணிகள் அனைவருக்கும் ஆசனப் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல தீர்மானம், வரவேற்கிறேன். ஆனால் பட்டி உதவுவது கார் மோதிய பிறகு. மோதாமல் நிறுத்துவது டயர்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. புகைப் பரிசோதனை நிலையத்திலேயே சில நூறு ரூபா பெறுமதியான ஆழமானி ஒன்றை வைத்து காடி ஆழத்தை அளந்து சான்றிதழில் எழுதலாம். முதல் ஒரு வருடம் யாரையும் தடுக்க வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். இறக்குமதியாகும், உள்நாட்டில் உற்பத்தியாகும் கார் டயர்களுக்கு ஈரப்பிடிமானச் சுட்டியைக் கட்டாயமாக்கலாம். பெரும்பாலான கம்பனிகள் வேறு நாடுகளுக்காக அந்தச் சோதனையை ஏற்கெனவே செய்துவிட்டன, எமக்கு அச்சடிக்கும் செலவு மட்டுமே. நுகர்வோர் விவகார அதிகார சபை, பற்றுச்சீட்டில் உற்பத்தி வாரத்தையும் வருடத்தையும் எழுத வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரலாம். பாண் பக்கற்றில் திகதி இல்லாவிட்டால் தண்டம் அடிக்கிறோம். வரி விடயத்தில், டயரை ஆடம்பரப் பொருள் போலப் பார்க்கும் மனநிலையிலிருந்து திறைசேரி வெளியே வர வேண்டும். ஒரு டயரில் அரசு எடுக்கும் வரி, அந்த டயரை இன்னும் ஆறு மாதம் ஓட்டச் சொல்லும் வரியாகவும் இருக்கிறது.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தரப்பு உண்டு. பஞ்சிகாவத்தையிலும் அக்குறணையிலும் கல்முனையிலும் வாகன உதிரிப்பாக, டயர் வியாபாரத்தில் எமது ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிரமம் உண்டு என்பதை அறிவேன். 2020இலும் 2022இலும் பணத்தை முடக்கி வாங்கிய சரக்கு தேங்கிக் கிடக்கிறது; தள்ளிவிடவும் மனம் வராது. பழைய திகதி உள்ளதைப் பழைய திகதி என்று சொல்லி, விலையைக் குறைத்து, தினமும் மெதுவாக ஊருக்குள் ஓடுபவருக்கு விற்கலாமே. வாங்குபவர் தெரிந்து வாங்குவார். சொல்லாமல் விற்பதுதான் பிழை.

நான் பிறகு வேறொரு கடையில் நான்கு டயர் வாங்கினேன். பிரபலமில்லாத பெயர், நடுத்தட்டு விலை, டிரக்‌ஷன் ஏ, டபிள்யூ எழுத்து உண்டு, செய்து ஐந்து மாதம். திகதியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். முதலாளி ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இது வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல ஹாஜியார்" என்றார். பிறகு எழுதித் தந்தார்.

கழற்றிய பழைய நான்கையும் கடையில் விட்டு வரவில்லை. காடி ஆழமாக இருப்பதால் அவை அடுத்த வாரமே யாராவது ஒருவரின் விட்ஸில் ஏறியிருக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கச் சுவர்களை வெட்டினேன். டெங்கு நுளம்புக்கு இடமாகிவிடும் என்று உம்மா சத்தம் போட்டதால் துளையிட்டு மண் நிரப்பி வைத்திருக்கிறேன். இரண்டில் இப்போது கறிவேப்பிலை நிற்கிறது.